பெண் அழைப்புக்கு மாட்டிய பல்சக்கரம்

மர்பி டவுனில் அப்பாதுரையின் மோட்டார் சைக்கிளைச் சைக்கிள்காரர்கள் முந்திக்கொண்டு போவார்கள். கேனைத் தொங்கவிட்ட பால்காரர் முந்துவார். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் பக்கத்தில் நடந்துகொண்டே, "அண்ணா, தள்ளட்டுமா?" என்று கேட்பார்கள். அப்பாதுரைக்குக் கோபமே வராது. ஒரு கையை எடுத்து மீசையைத் தடவிக்கொண்டு, "பெங்களூரு பூரா தேடிப் பாரு. இவ்ளோ மெதுவா போற வண்டி வேற எவன்கிட்டனா இருக்குதா?" என்பான். ஊரில் எல்லோரும் தங்கள் வண்டி பறக்கிறது என்று பீற்றிக்கொள்வார்கள். நடக்கிறது என்று பீற்றிக்கொண்ட ஒரே ஆள் நான் பார்த்ததில் அவன்தான்.

நான் பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிக்கிறவன். கல்யாண ஊர்வலத்தில் நாங்கள் முன்னால் நடப்போம். பெண்ணையோ மாப்பிள்ளையையோ ஏற்றிக்கொண்டு அப்பாதுரையின் வண்டி எங்கள் முதுகுக்குப் பின்னால் வரும். மற்றவர்கள் அந்த வண்டியைக் கண்ணால் பார்த்தார்கள். நான் முதுகால் அறிந்தேன். அதனால் அவனைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது என்பது என் அபிப்பிராயம். மறுப்பவர்கள் முதலில் ஒரு முகூர்த்த மாதம் முழுக்க எங்களோடு நடந்து பார்க்கட்டும்.

அப்பாதுரையின் அப்பா வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து வந்து, தண்டு என்று நாங்கள் சொல்லும் கண்டோன்மென்டில் ஒரு துரையின் குதிரை லாயத்தில் வேலை பார்த்தவர். மகன் அரசாங்கத் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டர். சுதந்திரம் வந்து வெள்ளைக்காரப் பட்டாளம் மூட்டை கட்டிக்கொண்டு போனபோது, அவர்கள் விட்டுப்போன மோட்டார் சைக்கிள்களை ஏலம் போட்டார்கள். அப்பாதுரை சைடுகார் பூட்டிய ஒரு பி.எஸ்.ஏ. வண்டியை எடுத்தான். பட்டாளத்துப் பச்சையைச் சுரண்டிவிட்டு அரக்குச் சிவப்பு அடித்தான். சைடுகாருக்கு அவன் வைத்த பெயர் தொட்டி. தொட்டிக்குள் வெல்வெட் துணி தைத்துப் போட்டதும் அது ராஜா வீட்டுச் சாமான் மாதிரி ஆகிவிட்டது.

அப்போது அது மெதுவான வண்டி இல்லை. வண்டி வந்த முதல் மாதமே அவன் ஒரு வேலை செய்தான். அதுதான் இந்தக் கதைக்கெல்லாம் காரணம். வண்டி விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். என்ஜின் பக்கம் ஒரு சின்னப் பல்சக்கரம் இருக்கும். பின்பக்கச் சக்கரத்தில் ஒரு பெரிய பல்சக்கரம் இருக்கும். என்ஜினின் பலம் செயின் வழியாகச் சின்னதிலிருந்து பெரியதுக்குப் போகும். சின்னதில் பல் குறைந்தால் வண்டி மெதுவாகப் போகும், ஆனால் மலையையும் இழுக்கும். பல் கூடினால் வேகம் கூடும், இழுவை குறையும். சைடுகார் என்றால் சுமை. அதனால் பட்டாளத்தார் புத்தியோடு பல் குறைந்த சக்கரத்தைத்தான் மாட்டியிருந்தார்கள். நம்ம ஆளுக்கு அது பிடிக்கவில்லை. அதைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டு, தனி வண்டிக்கு மாட்டுகிற, மூன்று பல் கூடுதலான சக்கரத்தைப் பூட்டினான். ஞாயிற்றுக்கிழமை நந்தி மலை அடிவாரம் வரைக்கும் ஓட்டிவிட்டு வந்து, "மணிக்கு அம்பது மைலு ஏழுமலண்ணா! தொட்டியோட அம்பது!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னான். எனக்கு இரண்டு காலில் எத்தனை மைல் என்றுதான் கவலை. நான் தலையாட்டி வைத்தேன்.

அந்த வருஷங்களில் பணக்காரர்கள் வீட்டு ஊர்வலத்துக்குக் கார் வரும். எங்கள் தெருக்காரர்களுக்கு அப்பாதுரையின் தொட்டிதான் கார். மல்லிகைச் சரம் சுற்றி, இரண்டு பக்கமும் பெட்ரோமாக்ஸ் தூக்கிக்கொண்டு வந்தால் எந்தக் காரும் பிச்சை வாங்க வேண்டும். ஒரே தொல்லை, ஊர்வலம் நடக்கிற வேகம். முதல் கியரில் கூட அந்த வண்டி எங்களைவிட வேகமாக ஓடப் பார்க்கும். அப்பாதுரை கிளட்சைப் பாதி அமுக்கிப் பாதி விட்டு ஒப்பேற்றுவான். சமதரையில் அது நடந்தது. தெரு முனைக்கு வரும்போது கிளட்சுக்குள் இருக்கிற கார்க்குத் தக்கை தீய்ந்து நாறும். சந்தன வாசனையோடு சேர்ந்து அதுவும் கல்யாண வாசனை என்று ஜனங்கள் பழகிக்கொண்டார்கள்.

அப்புறம் யசோதாவின் பெண் அழைப்பு வந்தது.

யசோதா அல்சூர் ஏரிக்கரைப் பக்கத்துப் பெண். பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள். அதிகம் பேசமாட்டாள், பேசினால் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுவாள். மாப்பிள்ளை முனிராஜ் மர்பி டவுனில் மேட்டின் உச்சியில் இருக்கிற வீட்டுப் பையன், மில்லில் வேலை. அந்த வீட்டில் முடிவெடுக்கிறவள் முனிராஜின் அத்தை லட்சுமம்மா. எங்கள் பக்கத்து வழக்கப்படி கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு ஊர்வலமாக அழைத்துப் போக வேண்டும். பெண் வண்டியில் ஏறிவிட்டால் வாசலில் போய் இறங்கும்வரை என்ஜின் அணையக் கூடாது. இது எந்த சாஸ்திரத்தில் இருக்கிறது என்று கேட்காதீர்கள். மோட்டார் வந்த பிறகு எங்கள் ஜனங்களே உண்டாக்கிய சாஸ்திரம். என்ஜின் எரிகிறது, விளக்கும் எரிகிறது, ஆகவே இரண்டும் ஒன்று என்று யாரோ ஒரு புண்ணியவதி சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அதுவே சட்டம்.

ஏரிக்கரையிலிருந்து அந்த வீட்டுக்கு மேடு. அதுவரை அப்பாதுரை மேட்டில் ஊர்வலம் போனதில்லை. பாதி ஏற்றத்தில் கிளட்சு சூடேறி உப்பிக்கொண்டது. எவ்வளவு அமுக்கினாலும் விடவில்லை. நாங்கள் ஒரு முனையில் நின்று வாசித்தோம். அவனும் நிற்க வேண்டியிருந்தது. என்ஜின் செத்தது. உதைத்துக் கிளப்பினான். இன்னும் கொஞ்சம் ஏறியதும் மறுபடி செத்தது. மூன்றாவது முறை மாப்பிள்ளை வீட்டு வாசலிலேயே, லட்சுமம்மா ஆரத்தித் தட்டோடு நிற்கும்போதே அணைந்தது.

லட்சுமம்மா தட்டைத் தரையில் வைத்தாள்.

"வாசப்படி மிதிக்கறதுக்கு முன்னாடியே மூணு வாட்டி அணைஞ்சு போச்சே. இவ உள்ள வந்தா இந்த வூட்ல இன்னா மிஞ்சும்?" என்றாள்.

பெரியவர்கள் பேசினார்கள், கத்தினார்கள், ஒன்றும் ஆகவில்லை. யசோதா கல்யாணப் புடவையோடு தொட்டியிலிருந்து இறங்கி, அம்மா சந்திரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மேட்டில் நடந்தே திரும்பினாள். நாங்கள் வாத்தியங்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னால் போனோம். எத்தனையோ சாவுக்கு வாசித்துவிட்டுத் திரும்பி நடந்திருக்கிறேன், அன்றைக்கு இருந்த மாதிரி எனக்கு என்றும் இருந்ததில்லை. மறுநாள் தண்ணீர்க் குழாயடியிலிருந்து கறிக்கடை வரை அவளுக்கு ராசி கெட்டவள் என்று பெயர் விழுந்துவிட்டது.

அப்பாதுரை அன்று வேலைக்குப் போகவில்லை. அந்தப் பல்சக்கரத்தைக் கழற்றி, எண்ணெய் சொட்டச் சொட்டப் பேப்பரில் சுற்றிக்கொண்டு நேராக லட்சுமம்மா வீட்டுக்குப் போனான். நானும் கூடப் போனேன். ஆள் அடி வாங்கினால் தூக்கிக்கொண்டு வர ஒருவன் வேண்டுமே.

"அம்மா, தப்பு பொண்ணு மேல இல்ல. இது மேல. இத மாட்டுன என் மேல," என்று சக்கரத்தைக் கூடத்தில் வைத்தான். "வேகத்துக்கு ஆசப்பட்டு பெரிய சக்கரம் பூட்டுனேன். மேட்டுல இழுக்கல. அவ்ளோதான் விசயம்."

லட்சுமம்மா அதைக் காலால் கூடத் தொடவில்லை. "இதே சக்கரத்த வெச்சிக்கினு எத்தினி கல்யாணம் ஓட்டுன? அப்பல்லாம் அணைஞ்சுதா? இவ குந்தினாதானே அணைஞ்சுது?"

"அதெல்லாம் சமதரைம்மா."

"பேச்சு வேணாம்ப்பா. அதே மேடு, அதே பேண்டு, அதே பொண்ணு. அணையாம என் வாசலுக்குக் கொண்டாந்து நிறுத்து. நானே ஆரத்தி சுத்தி உள்ள கூட்டிக்கறேன். இல்லன்னா சும்னே இரு."

முனிராஜ் சுவரோரம் நின்று தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பாதுரை அவனையும் பார்த்தான், அத்தையையும் பார்த்தான். "நிறுத்தறேன்," என்று சொல்லிவிட்டு எழுந்தான். அவனால் முடியுமா என்று அவனுக்கு ஒரு நிமிஷம்கூடச் சந்தேகம் வரவில்லை. அவன் சுபாவமே அப்படித்தான்.

தெருவுக்கு வந்ததும் அவன் என்னிடம் கேட்ட கேள்வியை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "ஏழுமலண்ணா, நீங்க எவ்ளோ வேகமா நடப்பீங்க?"

இத்தனை வருஷ வாசிப்பில் என் சங்கதியைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள், என் சீவாளியைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். என் நடையைப் பற்றி ஒருவனும் கேட்டதில்லை. மெதுவாக நடப்பது சுலபம் என்று ஊரே நினைத்துக்கொண்டிருக்கிறது. வாசித்துக்கொண்டே, மூச்சு முட்டாமல், பின்னால் வருகிற ஜனம் சிதறாமல் நடந்து பாருங்கள், தெரியும். நான் அவனை என்னோடு தெருவின் நீளத்துக்கும் நடக்க வைத்தேன். அவன் பின்சக்கரத்தில் சாக்கட்டியால் கோடு போட்டு, நான் எட்டு வைக்க வைக்க வண்டியைக் கையால் உருட்டிப் பார்த்தான்.

முதலில் மூலையில் கிடந்த பட்டாளத்துச் சக்கரத்தைத் திரும்ப மாட்டினான். ஞாயிற்றுக்கிழமை காலையில் தொட்டிக்குள் பெண்ணுக்குப் பதிலாக ஒரு ராகி மூட்டையை உட்கார வைத்தோம். மூட்டை சரியாமல் இருக்க ஒரு துண்டைச் சுற்றிக் கட்டியிருந்தான், தூரத்தில் பார்த்தால் முக்காடு போட்ட மாதிரி இருந்தது. நாங்கள் வாசித்துக்கொண்டு முன்னால் நடந்தோம். வீட்டுக்கு வீடு பெண்கள் ஓடிவந்து எட்டிப் பார்த்து, "யாருக்குப்பா கல்யாணம்?" என்றார்கள். "இந்த மூட்டைக்குத்தாம்மா, மாப்ள கிடைச்சா சொல்லுங்க," என்றான் எங்கள் டிரம்காரன். அவன் சொல்லி வாய் மூடவில்லை, வண்டியின் மட்கார்டு அவன் கெண்டைக்காலில் இடித்தது. பத்தாது, இன்னும் குறைக்க வேண்டும்.

முன்னால் இருக்கிற சக்கரத்தை எவ்வளவு வேண்டுமானாலும் சின்னதாக்க முடியாது. ரொம்பச் சின்னதாக இருந்தால் செயின் அதைச் சுற்றி மடங்க முடியாமல் திணறும், சீக்கிரம் தேய்ந்து பல்லைத் தாண்டிக் குதிக்கும். ஆகவே பின்பக்கச் சக்கரத்தைப் பெரிதாக்க வேண்டும். சிவாஜிநகரில் பழைய இரும்பு விற்கிற குஜரிக் கடைகளை அவன் சலித்துவிட்டான். கடைசியில் ஏதோ ஒரு வண்டியிலிருந்து கழன்ற, தோசைக்கல் அகலத்துக்கு ஒரு பல்சக்கரம் கிடைத்தது. அதில் புதிதாக ஓட்டை போட்டு, செயினில் கண்ணிகள் சேர்த்து, இடித்த இடத்தில் தகட்டை அறுத்து மாட்டினான். எதற்கும் இருக்கட்டும் என்று முன்னாலும் கிடைத்ததிலேயே சின்னதைப் பூட்டினான். ஆள் எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டான், கெடுத்தாலும் முழுசாகக் கெடுப்பான்.

அடுத்த ஞாயிறு நாங்கள் வாசித்துக்கொண்டே தெரு முனை திரும்பிவிட்டோம். பின்னால் சத்தம் மட்டும் ஊரைக் கூட்டுகிறது, வண்டியைக் காணோம். திரும்பிப் போய்ப் பார்த்தால் ராகி மூட்டை இன்னும் மாரியம்மன் கோயிலைத் தாண்டவில்லை. காற்றே படாமல் என்ஜின் அப்பளம் சுடுகிற மாதிரி கொதித்தது. அப்பாதுரை வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "ஓவராப் பூட்டிட்டேன்," என்றான். முகத்தில் ஒரு வாட்டம் கிடையாது. "பின்னால இது இருக்கட்டும். முன்னால மறுபடி பட்டாளத்துத. அதான் சரி. பாரு நீ."

சரியாகத்தான் இருந்தது. மூன்றாவது ஞாயிறு அதே மேட்டில் ஏறினோம். அப்பாதுரை கிளட்சைத் தொடவே இல்லை. இடது கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு ஏறி வந்தான். என்ஜின் ஒவ்வொரு உதையையும் தனித்தனியாகப் போட்டது. அது எங்கள் டிரம்மின் அடியோடு அடி சேர்ந்து விழுந்தது. நான் பாட்டை நிறுத்தக் கூடாதே என்று அடக்கிக்கொண்டேன், இல்லாவிட்டால் சந்தோஷத்தில் கத்தியிருப்பேன். என் முதுகுக்குப் பின்னால் ஒரு வண்டி தாளத்தோடு நடந்து வந்தது அன்றுதான்.

அன்றே சாயங்காலம் யசோதா வீட்டுக்குப் போனோம். சந்திரம்மா இருக்கிற சாமிக்கெல்லாம் கும்பிடு போட்டாள். யசோதா தையல் மெஷினிலிருந்து எழாமலே கேட்டுக்கொண்டிருந்தாள். "அணையாம ஏறிட்டா நான் நல்லவ. அணைஞ்சுட்டா கெட்டவ. அப்டிதானே அண்ணா?" என்றாள்.

"அணையாதும்மா. நான் கேரண்டி," என்றான் அப்பாதுரை. அவள் கேட்டது வேறு, அவன் சொன்னது வேறு. எனக்குப் புரிந்தது. அவனுக்குப் பல்சக்கரத்தைத் தவிர அந்த நேரத்தில் வேறொன்றும் புரியவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, வரேன்," என்றாள் யசோதா.

குறித்த நாளில் சாதாரணப் புடவை கட்டிக்கொண்டு வந்து தொட்டியில் உட்கார்ந்தாள். இந்தப் பக்கம் ஏரிக்கரை ஜனம், அந்தப் பக்கம் மர்பி டவுன் ஜனம். தேர்த் திருவிழாவுக்குக்கூட அவ்வளவு கூட்டம் வந்து நான் பார்த்ததில்லை. நாங்கள் எங்கள் நடையில் ஏறினோம். முதல் தடவை அணைந்த இடம் வந்தது, போனது. இரண்டாவது இடம் வந்தது, போனது. சந்திரம்மா பின்னால் அழுதுகொண்டே வந்தாள். உச்சியில் லட்சுமம்மா ஆரத்தித் தட்டில் கற்பூரத்தை ஏற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். முனிராஜ் புதுச் சட்டை போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றான். நாங்கள் வாசலில் பாட்டை முடித்து ஒதுங்கத் தயாரானோம்.

"நிறுத்தாதீங்க அண்ணா. போங்க," என்றாள் யசோதா.

"இதாம்மா வூடு," என்றான் அப்பாதுரை.

"தெரியும். போங்க."

அப்பாதுரை என்னைப் பார்த்தான். அவன் கை கிளட்சுக்குப் போகவில்லை. வண்டி தன்பாட்டுக்கு உருண்டு வாசலைத் தாண்டியது. நான் பாட்டை மறுபடி எடுத்தேன். பேண்டு வண்டிக்கு முன்னால்தான் போக வேண்டும், அதனால் நாங்கள் அரக்கப்பரக்க ஓடி முன்னால் போய்ச் சேர்ந்துகொண்டோம்.

அப்புறம் நடந்ததைப் போல ஒரு ஓட்டம் பெங்களூரில் நடந்திருக்காது. ஒரு பெண் கல்யாண வீட்டை விட்டுத் தப்பிப் போகிறாள், நடை வேகத்தில் போகிறாள். லட்சுமம்மா எரிகிற தட்டோடு பக்கத்திலேயே நடந்து வருகிறாள். இன்னொரு கியர் போட்டால் அவளை விட்டுவிட்டுப் போகலாம், ஆனால் கிளட்சைத் தொட்டால் அணைந்துவிடுமோ என்று அப்பாதுரைக்குப் பயம். முன்னால் நாங்கள் வேறு. கல்யாண வண்டிக்கு எங்கள் செட்டு வழி விட்டது என்ற பேச்சு என் காலத்தில் வர நான் விடமாட்டேன்.

"ஏ பொண்ணே, எறங்கு! வூடு தாண்டிப் போச்சு!" என்றாள் லட்சுமம்மா.

"வண்டி அணையலியே அத்தே. அணைஞ்சா எறங்கறேன்."

"அதான் அணையலியே! நல்ல சகுனம்தான், எறங்கி வா!"

"நல்லா போய்க்கினு இருக்கறத நடுவுல நிறுத்தலாமா? அதுவே அபசகுனம் இல்லியா?"

முனிராஜ் ஓடி வர வேண்டிய அவசியமே இல்லாமல் நடந்து வந்து சேர்ந்துகொண்டான். "யசோதா, அத்த சரின்னு சொல்லிட்டாங்க," என்றான்.

"அன்னிக்கி நான் இந்த மேட்டுல நடந்து எறங்கினேனே. நீங்க இன்னா சொன்னீங்க?"

அவன் தெரு முனை வரை கூடவே வந்தான். அங்கே நின்றுவிட்டான். லட்சுமம்மாவின் கையிலிருந்த தட்டில் கற்பூரம் காற்றில் அணைந்துபோயிருந்தது. அதற்கு யாரும் எந்த அர்த்தமும் சொல்லவில்லை.

ஏரிக்கரைக்குத் திரும்பி யசோதா வீட்டு வாசலில் அப்பாதுரை தன் கையாலேயே என்ஜினை அணைத்தான். காது விண்ணென்றது. சந்திரம்மா அழுது முடித்து மகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பாதுரைக்கு மட்டும் தாங்கவில்லை. வெற்றியும் அவனுக்கே, தோல்வியும் அவனுக்கே என்று ஆகிவிட்டதே.

"இன்னாம்மா நீ? உன் கல்யாணம் நடக்கணும்னுதானே ஊரெல்லாம் அலஞ்சி இத மாட்டுனேன்? வாசலுக்குக் கொண்டாந்து நிறுத்தினேனா இல்லியா?"

"கொண்டாந்தீங்க அண்ணா. நீங்க சொன்னா மாதிரியேதான் கொண்டாந்தீங்க," என்றாள் யசோதா. தொட்டியை விட்டு இறங்காமல் வெல்வெட்டைத் தடவிக்கொண்டே பேசினாள். "வேகமா ஏறியிருந்தா எறங்கி உள்ள போயிருப்பேன். இவ்ளோ மெதுவா ஏறுனதால, தூரத்துலருந்தே அவங்க மூஞ்சிங்களப் பாத்துக்கினே வந்தேன். வாசல்ல நின்ன அத்தினி பேரும் என்ஜினையே பாத்துக்கினு இருந்தாங்க. காதக் குடுத்து அது சத்தத்தையே கேட்டுக்கினு இருந்தாங்க. அவரும்தான். உள்ள நான் ஒருத்தி குந்திக்கினு இருக்கேனே, ஒருத்தர்கூட என்னைப் பாக்கல அண்ணா."